பதினாறு கோர்களும் புதன்கிழமைப் பட்டியலும்

தில்லியில் நான் வேலை பார்த்த குழந்தைகள் நல ஆய்வு அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் பதினாறு கோர்கள். ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடக்கூடிய பதினாறு பகுதிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு மாதமாக என் கணக்குக்கு அவற்றில் ஒன்றுதான் உழைத்துக்கொண்டிருந்தது என்பதை ஒரு திங்கட்கிழமை மத்தியானம்தான் கவனித்தேன். திரையில் ஒரு பட்டை உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. மற்ற பதினைந்தும் தரையோடு கிடந்தன.

கட்டட வேலை நடக்கும் இடங்களில் தங்கியிருக்கும் குடும்பங்களின் கைக்குழந்தைகளை எங்கள் குழு மாதாமாதம் எடை பார்க்கும். அந்த எடைகளை ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, எந்தக் குழந்தை வளர வேண்டிய அளவுக்கு வளரவில்லை என்று பட்டியல் எடுப்பது என் வேலை. தரவைக் கலைத்துக் கலைத்து ஆயிரம் தடவை போட்டால்தான் முடிவை நம்பலாம். காலை பத்துக்கு ஆரம்பித்தால் முடிய மாலை ஆறாகும். முதல் ஓட்டத்தில் தப்பாக ஏறிய எடைகள் கண்ணில் படும். ஏழு புள்ளி இரண்டை யாராவது எழுபத்திரண்டு என்று அடித்திருப்பார்கள். திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு பட்டியலுக்கு மூன்று நாள் போய்விடும்.

எடை பார்க்கும் குழுவுக்குப் பொறுப்பு ஒரு நர்ஸ் அக்கா, நாகர்கோவில்காரர். தில்லி ஆஸ்பத்திரிகளில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். அந்தத் திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து அவர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

“மக்கா, வியாழக்கிழம நாம எடை பாக்குற ஒரு சைட்டு காலியாவுது. நாளைக்கு மத்தியானம் புது எடையெல்லாம் தந்துருவேன். புதன்கிழம காலையில லிஸ்ட்டு கையில கெடச்சா பிள்ளைகளப் பாத்துரலாம். பொறவு அவங்க எந்த ஊருக்குப் போவாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

சரி என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அப்போது தெரியாது. அவர் போனபிறகுதான் அந்தப் பட்டைகளைப் பார்த்தேன். தேடிப் படித்ததில் விஷயம் எளிதாகவே இருந்தது. ஆர் தன் அடிப்படைக் கணக்குகளை நூலகம் என்று சொல்லப்படும் ஒரு தயார் நிரல் தொகுப்பிடம் கொடுத்து வாங்குகிறது. கூடவே வரும் நூலகம் சரியாகக் கணக்குப் போடும், ஆனால் ஒரே கோரில்தான் போடும். எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும் வேறொரு நூலகத்தை அந்த இடத்தில் வைக்கலாம். என் நிரலில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் மீரட் பக்கத்துக்காரர். எங்களுக்கெல்லாம் அவர் பையா, இந்தியில் அண்ணன். “சல் ரஹா ஹை மேடம், சல்னே தோ” என்றார். ஓடிக்கொண்டிருக்கிறதே, ஓடட்டுமே என்று. நான் வாதாடவில்லை. அவரை அழைத்துவந்து பதினாறு பட்டைகளையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு நிபந்தனை வைத்தார்: நினைத்தவுடன் பழைய நூலகத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும், பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இரண்டும் நியாயம்தான்.

பழையதற்குத் திரும்பும் வழியோடு நிறுவப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரிய எண் அட்டவணைகள் இரண்டைப் பெருக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்பெல்லாம் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது விசையிலிருந்து கையை எடுப்பதற்குள் விடை வந்துவிட்டது. எனக்கு ஆசை பெருகிவிட்டது. அந்த ஆயிரம் தடவையைப் பதினாறாகப் பங்கிட்டு, என் நிரலின் பதினாறு நகல்களை ஒன்றாக ஓடவிட்டேன்.

கம்ப்யூட்டர் ஸ்தம்பித்தது. ஒவ்வொரு நகலும் தனக்குப் பதினாறு கோரும் வேண்டும் என்று கேட்க, பதினாறு நாற்காலிக்கு இருநூற்றைம்பத்தாறு பேர் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் யாருக்கும் ஒரு கோப்பும் திறக்கவில்லை. பையா வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். தப்பு என்னுடையது, காரணமும் தெரியும், அரை மணி நேரம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்.

சின்னத் துண்டுகளாக ஓட்டி, கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டேன். கடைசியில் ஏழு நகல், நகலுக்கு இரண்டு கோர், மீதி இரண்டு கோர் மற்றவர்களுக்கு என்று நின்றது. எட்டு மணி நேர வேலை முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த நிபந்தனைக்குப் போன மாதப் பட்டியலை எடுத்தேன். எண்கள் கடைசித் தசமங்களில் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தன. கூட்டும் வரிசை மாறினால் அந்தச் சிறு அளவு மாறத்தான் செய்யும். ஆனால் பழைய பட்டியலில் இல்லாத ஒரு பெண் குழந்தை புதியதில் இருந்தாள். ஏன் என்று தேடினேன். வேலையைப் பங்கிட்டபோது கலைக்கும் விதமும் மாறியிருந்தது. வேறு வேறு விதமாகக் கலைத்து ஓட்டிப் பார்த்ததில் அவள் சிலமுறை உள்ளே வந்தாள், சிலமுறை வெளியே போனாள். அப்படியென்றால் பழைய பட்டியல் அவளை விட்டதும் அதிர்ஷ்டத்தால்தான். பையாவிடம் இதை மறைக்காமல் சொன்னேன். அக்காவுக்கும் போன் செய்தேன்.

“ஒரு பாப்பா மட்டும் சரியா ஓரத்துல நிக்குதுக்கா. கணக்கால உறுதியா சொல்ல முடியல.”

“கணக்கால முடியலன்னா என்ன மக்கா, நான் தூக்கிப் பாத்தா தெரிஞ்சிரும். பேரச் சேத்துரு.”

அன்றிலிருந்து ஓரத்தில் நிற்பவர்களுக்கென்று பட்டியலின் அடியில் தனிப் பகுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு எடைகள் வந்தன. முதல் ஓட்டத்தில் ஆறு தவறுகள் தெரிந்தன. அக்கா தன் நோட்டைப் பார்த்துத் திருத்தினார். இரண்டாவதில் இன்னும் ஒன்று. மூன்றாவது ஓட்டம் முடிந்து, ஐந்து மணிக்குப் பட்டியல் அவர் கையில் இருந்தது. சேவ் செய்து மூடும்போது, இதை நான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை நானும் கூடப் போனேன். தகரக் கொட்டகைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜல்தி ஜல்தி என்று மேஸ்திரி விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் விடிகாலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தது. அக்கா பக்கத்துக் கொட்டகைப் பெண்ணிடம் அவர்கள் நம்பரை வாங்கிப் பேசி, ஊரில் குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொன்னார். ஓரத்தில் நின்ற பாப்பா அம்மா மடியில் உட்கார்ந்து ரொட்டித் துண்டைச் சப்பிக்கொண்டு, அக்காவின் கையைத் தள்ளிவிட்டாள். இவளுக்கு ஒன்றுமில்லை என்றார் அக்கா.

பட்டியலில் இரண்டாவதாக இருந்த பையனைத் தூக்கியதும் அவர் முகம் மாறிவிட்டது. அவன் அம்மாவிடம் இந்தியில் மெதுவாகப் பேசினார். அவள் கட்டிவைத்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அக்கா தினமும் எடையை எனக்கு அனுப்பினார். நான்காம் நாளிலிருந்து ஏறத் தொடங்கியது. குணமானதும் குடும்பம் நொய்டாவில் அடுத்த கட்டடத்துக்குப் போனது. அந்த இடமும் எங்கள் குழுவின் பகுதியில்தான் இருந்தது.

பையா என்னிடம் எல்லாவற்றையும் படிப்படியாக எழுதி வாங்கி, அலுவலகத்தின் மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களிலும் அவரே நூலகத்தை மாற்றினார். அக்காவோ இவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்றால் மாதம் இரண்டு தடவை எடை பார்க்கலாமே என்றார். பார்க்கலாம் என்றேன்.