வைரத் தகடும் உவர்க் கிணறும்

என் மேசை லாச்சியில், ஒரு மாத்திரைப் பெட்டிக்குள், பஞ்சு சுற்றிய கறுப்புத் தகடு ஒன்று கிடக்கிறது. தபால்தலை அளவுதான். அது வைரம் என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை. முதல்முறை பார்த்தபோது நானும் சிரித்தவன்தான். மிஸ்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நகைக்கடை வைரம் மின்சாரத்தைக் கடத்தாதாம். சூடாக்கிய வாயுவிலிருந்து வைரத்தை மெல்லிய படையாக உலோகத்தின் மேல் வளர்க்கும்போது கொஞ்சம் போரன் சேர்த்தால் அது கறுத்துப்போகும், மின்சாரமும் கடத்தும். அப்படிச் செய்த தகட்டை மின்வாயாகத் தண்ணீருக்குள் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் எண்ணெய், அழுக்கு எல்லாம் அங்கேயே எரிந்து தீர்ந்துவிடும்.

மிஸ் எங்கள் நீர் ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர். தேயிலை மலைப்பக்கம் பிறந்தவர், திருகோணமலை வெயிலைக் கடைசிவரை மன்னிக்காதவர். துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஒழுங்கையின் பொதுக்கிணற்றில் டீசல் ஊறியபோது, அங்கே வைர மின்வாய் இயந்திரத்தைப் பரீட்சார்த்தமாகப் பொருத்திப் பூட்டுவதற்கு அலைந்து அனுமதி எடுத்தவர் அவர்தான். அந்த ஒழுங்கையில்தான் நான் பிறந்தேன். அக்கா இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி.

இயந்திரம் பூட்டுமுன் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் படிவம் நிரப்புவது என் வேலை, அதில் கையெழுத்து வைப்பது மிஸ். உப்பின் அளவைப் பார்க்க வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் வேண்டும். போத்தல் வெறுமை, புதியது வந்து சேரவில்லை. வாகனச் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். இப்படியான நேரங்களில் நாங்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். நுனிநாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்து, "உவர்ப்பு இல்லை" என்று எழுதினேன். நான் பொய் எழுதவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த வாய்க்கு அதில் உப்பு இருப்பது தெரியவே தெரியாது. அது எனக்கு வெறும் தண்ணீர்.

இயந்திரம் நன்றாகவே ஓடியது. மின்சாரம் தங்குதடையின்றிப் பாய்ந்தது. உப்புத் தண்ணீரில் அப்படித்தான் பாயும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன், மீட்டரைப் பார்த்து மகிழ்ந்துகொண்டு நின்றேன். டீசல் வாடை போய்விட்டது. பதிலாக மெல்லிய குளோரின் வாசம் வந்தது. கிணறு இறைத்துக் குளோரின் போட்டுப் பழகிய ஊர் எங்களது. அந்த வாசம் வந்தால் தண்ணீர் சுத்தம் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. ஏழு வீடுகளும் அதையே குடித்தன. அக்கா எனக்கென்று ஒரு போத்தலில் நிரப்பியும் தந்தாள்.

மூன்றாவது வாரம் மிஸ் பார்வையிட வந்தார். இயந்திரத்தின் குழாயடியில் குனிந்து முகர்ந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நாம இதுல குளோரின் போடலையே. பின்ன எங்கிருந்து வருது?"

கிணற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்தவர், உடனே துப்பினார்.

"உப்புக் கரிக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. இயந்திரத்தை அந்த நிமிடமே நிறுத்தினார். உப்புத் தண்ணீரில் வைர மின்வாய் குளோரினோடு நிற்காது, அதையும் தாண்டிப் பெர்குளோரேற்று என்ற நஞ்சு வரை கொண்டுபோய்விடும். அது உடம்பில் அயடீனைச் சேரவிடாது, வயிற்றுப்பிள்ளைக்குக் கூடாது. இதை அவர் சொல்லச் சொல்ல நான் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மாதிரிகள் கொழும்புக்குப் போயின. முடிவு அவர் பயந்தபடியேதான் வந்தது.

ஏழு வீடுகளுக்கும் காரணம் சொல்லாமல், அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லும்படி மேலிடத்தில் சொன்னார்கள். அக்காவைத் தைரொயிட் சோதனைக்கு அனுப்ப நான் ஏதோ ஒரு சாட்டுச் சொன்னேன். விசாரணையில் மிஸ், படிவத்தில் கையெழுத்து தன்னுடையது, பொறுப்பும் தன்னுடையது என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்த நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை அந்த நிலத்தின் சீமெந்து வெடிப்பு எனக்கு மனப்பாடம். அவரை இடம் மாற்றினார்கள். போகிற அன்று, இயந்திரத்திலிருந்து கழற்றிய தகட்டை என் மேசையில் வைத்தார்.

"அந்தப் படிவத்துல உங்க எழுத்து. ஆனா மீட்டரப் பார்த்தே நான் கண்டுபிடிச்சிருக்கணும்" என்றார். அந்த "ஆனா"வை நான் பற்றிக்கொண்டேன். ஆறு வருடமாக அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் மகளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் டொக்டர்மார் சொல்கிறார்கள். ஆனாலும் கூப்பிட்டதும் அவள் திரும்பாவிட்டால் உடனே இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன். இப்போது உப்புச் சோதனை இல்லாமல் எந்தக் கிணற்றையும் நான் எழுதிக் கொடுப்பதில்லை. புதிதாக வந்தவர்கள் என்னை அலுப்பன் என்கிறார்கள்.

போன ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றில் திரும்பவும் டீசல் வாடையாம்.

"அந்த மெசினைத் திரும்பப் பூட்டச் சொல்லடா. எவ்வளவு நல்ல தண்ணி. அந்த மலைநாட்டு மிஸ்தான் வந்து பிடுங்கிக்கொண்டு போனவ. கண்டறியாத மனுசி" என்றாள்.

ஒழுங்கை முழுக்க இப்படித்தான் பேசுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அன்றும் எழும்பி வந்துவிட்டேன்.

இன்று லாச்சியைத் திறந்து மாத்திரைப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பவும் போனேன். அக்கா குசினியில் நின்றாள். தகட்டை மேசையில் வைத்தேன். இது என்னவென்று கேட்டாள்.

"அந்த மெசினில இருந்தது அக்கா. பிழை விட்டது மிஸ் இல்ல. நான்" என்றேன்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, முன்னால் இருந்த கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.