தீக்கோட்டில் வைக்கோல் காயுது

மலையடிவாரத்தில் தீத்தடுப்புக் காவலுக்குப் போகிறவனுக்குத் தீகூடப் பரவாயில்லை, ஊர்ச்சனத்தோடுதான் பெரும்பாடு. இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள்.

களம்

வடகரைக்கு மேற்கே, மலையை ஒட்டி ஒரு தெரு. காடு பற்றினால் தீ ஊருக்குள் வராமலிருக்க, வீடுகளுக்குப் பின்னால் புல், சருகு எல்லாம் வழித்து வருஷாவருஷம் வெறுந்தரையாக ஒரு பட்டை போடுவோம். அதுதான் தீக்கோடு. பங்குனி வெயிலில் நாலு பேர் ஒரு வாரம் முதுகொடியச் செதுக்கினோம்.

மறுநாள் போய்ப் பார்த்தால் கோடு முழுக்க வைக்கோல்! கடைசி வீட்டு மாரியப்பண்ணாச்சி நிதானமாக விரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். "என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"இவ்வளவு சுத்தமா களம் போட்டுத் தந்திருக்கிய, சும்மா கிடந்தா நல்லாவா இருக்கும்?"

போர்டு

குற்றால அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாதம். அதற்கும் வேன் பிடித்து வருகிறார்கள், என்னத்தைச் சொல்ல! 'இங்கே தீ மூட்டாதீர்' என்று நாங்கள் நட்ட தகர போர்டைக் காணோம். தேடிப் போனால், மரத்தடியில் ஒரு குடும்பம் மட்டன் குழம்பு வைக்கிறது. காற்றுக்கு மறைப்பாக அடுப்போரம் நிற்கிறது எங்கள் போர்டு. அடுப்பை அணைக்கச் சொல்லி போர்டைப் பிடுங்கினேன். குழம்பு கிண்டியவருக்கு விட மனசே இல்லை.

"நல்ல போர்டு சார், துளி காத்து உள்ள விடல. இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டுமே."

நின்ற இடம்

அடுத்த வாரம் நிஜமாகவே காடு பற்றியது. காற்று கீழ்நோக்கி அடிக்க, தீ தெருவைப் பார்த்து இறங்கியது. ஓடிப்போனால், அன்றைக்கே அள்ளவைத்த கோட்டில் மறுபடியும் வைக்கோல்! தீயைத் தடுக்கப் போட்ட பட்டையே அண்ணாச்சி வீட்டுக்குத் தீயைக் கூட்டிவரப் போகிறது.

தெருவே திரண்டு அள்ளியது. அண்ணாச்சி மட்டும் ஒரு வைக்கோல் கட்டைத் தூக்கிப்போய்த் தன் அடுக்களைச் சுவரில் சாத்தினார். "அங்கன வேண்டாம், ரோட்டுக்குக் கொண்டு போங்க!" என்று கத்தினேன். அவர் மனைவி செல்லக்கா அதைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார்.

கடைசிக் கட்டு போகும்போது முகம் காந்தியது. தீ கோடு வரை வந்து, தின்ன எதுவும் இல்லாமல் நின்றது. பச்சைக் குழையால் ஓரமெல்லாம் அடித்து அணைத்தோம். வீடு தப்பியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். அண்ணாச்சியும் துண்டால் கண்ணைத் துடைத்தார். கரிந்துபோன மலைச்சரிவைப் பார்த்தார். ரோட்டில் கிடந்த வைக்கோலைப் பார்த்தார்.

"மேல எரிய இனி என்ன இருக்கு தம்பி? நாளைக்குக் கோட்டுலயே காயப்போடலாம்லா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கோட்டைக் கண்டு தீ நின்றிருக்கிறது, அண்ணாச்சி நின்றதில்லை.