காற்று கழற்றிய ஆட்டோபைலட்

அந்த விமானக் கம்பெனியில் அவளுக்கு இடியக்கா என்று பெயர். கருமேகத்தைக் கண்டால் ஒதுங்கிப் பறக்கிற பைலட்டுகள், அவள் ஓய்வறைக்குள் நுழைந்தாலும் அதையேதான் செய்தார்கள்.

கோபம் கெட்ட குணம் என்று சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர், அடுத்தவர் கோபப்பட்டால் தங்கள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள். இடியக்கா காரணம் இல்லாமல் கத்தியதில்லை. காரணம் இருந்தால் விட்டதும் இல்லை. ஆரம்பத்தில் வயல்களுக்கு மேலே பூச்சிமருந்து தெளிக்கும் சின்ன விமானம் ஓட்டினாள். "பொம்பளை தெளிச்சா பூச்சி சாகுமா?" என்றான் அந்த முதலாளி. "நீங்க பேசுறதைக் கேட்டாலே செத்துரும் சார், மருந்து எதுக்கு?" என்றாள். வேலை போனது. அடுத்த வேலை இங்கே, பார்சலும் ஆஸ்பத்திரி ரத்தப் பைகளும் ஏற்றிப் போகும் இரட்டை எஞ்சின் விமானத்தில். இருக்கை இரண்டு, ஆள் ஒன்று.

புருஷன் இதே கம்பெனியில் மெக்கானிக். எருமை மேல் மழை பெய்தாலாவது எருமை காதை ஆட்டும், இவர் அதுவும் செய்யமாட்டார். கொழுந்தன் போன மாதம்தான் பைலட்டாகச் சேர்ந்து, மாடி அறையில் தங்கியிருந்தான்.

எல்லாம் அந்தப் புது ஜிபிஎஸ் கருவியில் ஆரம்பித்தது. ரன்வேயின் முனை எங்கே என்று அதற்குத் தெரியும். அங்கிருந்து வானத்துக்கு ஒரு சரிவுக்கோடு போட்டு, இதைப் பிடித்து இறங்கு என்று காட்டும். ஆட்டோபைலட்டோடு இணைத்துவிட்டால் விமானம் அந்தக் கோட்டிலேயே தானாக இறங்கும். மேகத்துக்குள் இறங்குவதற்கென்று ஆள் வைத்து அளந்து, மேடு பள்ளம் பார்த்து வகுத்த பாதைகள் வேறு. இது கண்ணால் பார்த்து இறங்குகிறவனுக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். வழியில் குறுக்கே என்ன நிற்கிறது என்று இது பார்க்காது. பார்க்கமாட்டேன் என்று திரையிலேயே எழுதியும் காட்டும். 'சரி' என்று தட்டினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். கொசுவை அடிப்பது போல எல்லோரும் தட்டினார்கள். தட்டியபின் திரையில் அளந்த பாதைக்கும் அளக்காத கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதே நிறம், அதே சரிவு. ஆட்டோபைலட்டுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

தலைமை பைலட் எல்லோரையும் நிற்கவைத்து உத்தரவு போட்டார். "எல்லா இறக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். ரன்வேயை ஒட்டி வர்ற வரைக்கும் ஆட்டோபைலட்டை யாரும் கழட்டக்கூடாது. கழட்டினா எனக்குக் காரணம் சொல்லணும்."

காரணம் சொன்னவனுக்கு என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பாதி நாள் அறிவுரை, அப்புறம் மறுபயிற்சி என்று தரையில் உட்காரவைப்பது.

இரண்டு மாதம் கழித்து மெக்கானிக்குக் கேடு காலம் வந்தது. ஒரே புகார்: காற்று தூக்கிப்போட்டது, ஆட்டோபைலட் தானாகக் கழன்றுவிட்டது. மனுஷன் காக்பிட் தரையில் மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தார். ஆட்டோபைலட்டை இயக்கும் சின்ன மோட்டாரை மாற்றினார். முழங்கை தோல் உரிந்தது. "உன் வேலை லட்சணம் இதுதானா?" என்று தலைமை பைலட் கேட்டபோதும் அடுத்த ஒயரைத்தான் பிடுங்கினார்.

ஒரு நாள் காலை வீட்டில் சாப்பிடும்போதுதான் முனகினார். "மத்த ஊர்ல எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுது. அந்தக் குன்றடி ரன்வேக்குப் போனா மட்டும் கழண்டுக்குது."

"அங்க மட்டும் காத்து என்ன, உங்களைத் தேடி வருதா?" என்றாள் இடியக்கா.

"நான் நாளைக்கு அங்கதான் போறேன் அண்ணி, விடியற்காலைல," என்றான் கொழுந்தன். "அண்ணன் மோட்டாரை மாத்திட்டார்ல. இனி கோட்டுலயே படுத்துத் தூங்கிட்டே போவேன்."

"தூங்குவ, தூங்குவ. இன்னைக்கு மத்தியானம் அங்க என் முறை. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

குன்றடி ரன்வேக்கு அவள் போய் வெகுநாள் ஆகியிருந்தது. புழுதி மூட்டமான மத்தியானம். கோட்டைப் பிடித்து விமானம் பிசகாமல் இறங்கியது. ரன்வே மங்கலாகத் தெரிந்தது. அவள் கண் வழக்கம்போல ரன்வேக்கு முன்னால் இருந்த நிலத்தைத் துழாவியது. குன்றின் மேல் கல் உடைக்கும் ஆலை ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அதன் இரும்புக் கோபுரம் குன்றின் நிறத்திலேயே, குன்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கோடு நேராக அதன் தலைக்குத்தான் போனது.

கட்டைவிரல் பொத்தானை அமுக்கியது. ஆட்டோபைலட் கழன்றது. மூக்கைத் தூக்கினாள். கோபுரத்தின் உச்சியில் நின்ற ஒருவன் தலைகுனிந்து உட்காருவது தெரிந்தது. ஒரு சுற்று சுற்றி வந்து, கையால் இறக்கினாள்.

பார்சலை இறக்கும்போதுதான் உறைத்தது. பயம் இல்லை. பயம் கோபுரத்தோடு போய்விட்டது. காற்றும் இல்லை, மோட்டாரும் இல்லை. இங்கே வந்த ஒவ்வொருவனும் கோபுரத்தைப் பார்த்திருக்கிறான், பொத்தானை அமுக்கியிருக்கிறான், திரும்பிப் போய்க் காற்று என்று சொல்லியிருக்கிறான்.

திரும்பி வந்ததும் ஓய்வறைக் கதவை அவள் திறந்த வேகத்தில் சுவர் அதிர்ந்தது. நாலு பைலட்டுகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் ஜன்னலோரம். உள்ளே நின்ற தலைமை பைலட், ஆட்டோபைலட் எங்கே கழன்றது என்று காட்டும் கருவிப் பதிவை அதற்குள் பார்த்துவிட்டார்.

"குன்றடியில கழண்டிருக்கு. காத்தா?"

"காத்து இல்லை. நான்தான் அமுக்குனேன்."

"உத்தரவு தெரியும்ல? எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லுங்க, இதோட விட்டுடறேன்."

"தப்பா? உங்க கோடு கல் ஆலைக் கோபுரத்துல போய் முட்டுது சார். நாளைக்கு என் கொழுந்தன் அதுல போறான். மோட்டாரை மாத்தியாச்சு, இனி கழட்டவேண்டாம்னு நம்பிட்டுப் போறான்." அவள் டீ குடிக்கிறவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏம்பா, உங்க வாய்க்கெல்லாம் யாரு பூட்டுப் போட்டது? என் வீட்டுக்காரர் ரெண்டு வாரமா மல்லாந்து கிடந்து எதைத் தேடினார்? உங்க கட்டைவிரலையா?"

ஒருவன் கூரையைப் பார்த்தான். ஒருவன் டம்ளருக்குள் பார்த்தான்.

"பார்த்தவன் ஒருத்தனாவது சொல்லு. இல்லைன்னா நாளைக்கு இவன் பிளேன் முன்னாடி போய் நான் நிப்பேன். அப்புறம் வேலையை விட்டு அனுப்புங்க, எனக்கென்ன புதுசா?"

கொழுந்தனின் முகம் வெளுத்திருந்தது. "சொல்லுங்கண்ணே," என்றான் பக்கத்தில் இருந்தவரிடம். "நேத்துக்கூட என்கிட்ட நல்லா இறங்குதுன்னுதானே சொன்னீங்க?"

அந்த ஆள் கையிலிருந்த டீயை ஓரமாக வைத்தார். "நானும் அமுக்குனேன். மூணு தரம்."

"நானும்தான்," என்றான் கூரையைப் பார்த்தவன். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குக் கூடவா துணை வேண்டும்!

தலைமை பைலட் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் மீறிக்கொண்டிருந்த ஓர் உத்தரவுக்குத்தான் காவல் இருந்திருக்கிறோம் என்று புரிந்தபோது மனுஷன் முகம் சுருங்கியது. கம்பெனி முதலாளிக்கு அங்கேயே போன் போட்டார். குன்றடியில் இனி கோட்டோடு ஆட்டோபைலட்டை இணைக்கக்கூடாது, மேலேயிருந்தே கையால் இறக்கவேண்டும், கோபுரம் பற்றி எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்று முடிவானது. மற்ற ஊர்களில் பழைய உத்தரவே. முழுசாகக் கிடைக்கவில்லை. எப்போது கிடைத்தது?

மறுநாள் கொழுந்தன் கோபுரத்துக்கு நல்ல உயரத்தில் பறந்து, கையால் இறங்கிவிட்டுப் போன் பண்ணினான். மெக்கானிக் அந்த நாலு பேரோடும் பேசவில்லை. ஸ்பேனரைக் கேட்டால் காலால் தள்ளினார்.

அன்று டீ நேரத்தில், மூணு தரம் அமுக்கியவர் இடியக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"விடுங்கக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

"ஆகியிருந்தா?" என்றாள் அவள், டம்ளரைக் கீழே வைத்து. "என் வீட்டு வாசல்ல வந்து நின்னு சொல்ல உங்களைத்தானே அனுப்பியிருப்பாங்க. என்னன்னு சொல்லியிருப்பீங்க? காத்துன்னா?"

அவர் நகர்ந்து போனார். அவள் எழுந்து, அடுத்த ஊருக்கான பார்சலை எண்ணி ஏற்றப் போனாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் தேவையில்லை.