பால் வராத முள்மரம்

கோப்பாயில் பேருந்துக்காக நிற்கிறேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடி வருகிறாள். குழந்தையின் வாயெல்லாம் பச்சை.

"அண்ணை, பிள்ளை வேலிமரத்து இலையைச் சப்பிப்போட்டுது. அது இலைக்கள்ளியெண்டு சொல்லுகினம். நஞ்சோ?"

நான் தாவரவியல் ஆசிரியன். கள்ளிப்பால் குடலைப் புண்ணாக்கும். ஆளைவிட உயரமான அந்த மரத்தில் ஓர் இலையைக் கிள்ளுகிறேன். பால் வரவில்லை. முட்கள், கள்ளியில் இல்லாத சிறு பஞ்சுமேட்டிலிருந்து முளைத்திருக்கின்றன. இலையுள்ள நாகதாளி, அதாவது கேக்டஸ் இனம். இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"இது கள்ளியில்லை, தங்கச்சி. நாகதாளிக் குடும்பம். நஞ்சில்லை."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம்" என்கிறேன். ஆனாலும் ஓட்டோவை மறித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். வழிநெடுக என் கண் குழந்தையின் மூச்சிலேயே இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் வைத்தியர். அவள் அழத் தொடங்குகிறாள். நான் சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிடுகிறேன்.