பிள்ளையாரைப் போல நின்ற பாறை

"கல்லுப் பாக்கவோ காசு குடுத்துப் போறாய்?" என்று வாமதேவன் அண்ணை கேட்டார்.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். துஷாந்தி அக்கா அவரிடம் நெடுங்காலமாக வேலை செய்கிறார். பக்கத்துப் பயண முகவர் நிலையத்தில் நான் இருக்கிறேன். தெற்கு அல்ஜீரியாவில் பாறைகளைப் பாதுகாக்கும் ஒரு பாலைவனக் காப்பகத்துக்கு நாங்கள் கூட்டிப்போகும் குழுவில் ஓர் இடம் மிஞ்சியிருந்தது. அதைச் சொல்லத்தான் போயிருந்தேன்.

"வெறும் கல்லில்லை அண்ணை. சிவப்பு, ஊதா, மஞ்சள் எண்டு நிறம் நிறமா நிக்குது. இந்தப் பிள்ளை படம் காட்டினவள்" என்றார் அக்கா.

"நிறம் பாக்கிறதெண்டா உந்தக் குங்குமத் தட்டைப் பாரன். சனம் லண்டனுக்குக் கலியாணத்துக்குப் போகும், லூர்து மாதாட்டைப் போகும். நீ மணலுக்கை போய் என்ன செய்யப்போறாய்?"

"ஒருத்தருக்கும் சமைக்காமல் ஒரு கிழமை இருக்கப்போறன்."

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போ. வரேக்கை எனக்கும் ஒரு கல்லுக் கொண்டு வா."

"அங்கை ஒரு கல்லும் எடுக்கக் கூடாது அண்ணை" என்றேன்.

"கேட்டியளோ, பிள்ளை சட்டம் பேசுறா! பயப்பிடாதை, நான் ஒண்டும் எடுக்கமாட்டன்" என்றார் அக்கா.

சொன்னபடியே அவர் எதையும் எடுக்கவில்லை.

புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து ரயிலில் வந்து, கடை திறந்து, ஊதுபத்தி அடுக்கி, இரவு வீடு திரும்பிச் சமைப்பவர் துஷாந்தி அக்கா. பிரெஞ்சு அவருக்குத் தெரியும்; பேசக் கூச்சம். பொபினியில் அரசாங்க அலுவலகக் காரியம் என்றால் என்னைக் கூட்டிப்போவார். கேள்வி அவரிடம் வரும், பதில் நான் சொல்வேன். கைப்பையில் எப்போதும் ஒரு கற்பூரப் பெட்டி இருக்கும்.

அந்தப் பையோடுதான் பாலைவனத்துக்கும் வந்தார். எங்கள் வழிகாட்டி மூசா, அந்த ஊர்க்காரர். ஒரு மத்தியானம் தேநீருக்காக நிறுத்தியபோது, சற்றுத் தள்ளி ரோசா நிறப் பாறையொன்று தும்பிக்கையும் பெருவயிறுமாய் நின்றது. மற்றவர்களோடு நான் மறுபக்கம் போய்விட்டுத் திரும்பியபோது, அக்கா அதன் முன்னால் கண்மூடிக் கைகூப்பி நின்றார். பாறையின் மடிப்பில் கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. அதற்கு மேலே, ஒரு கை நீளத்துக்குக் கரி ஏறியிருந்தது.

"பிள்ளையாரைக் கண்டுட்டுச் சும்மா வாறதே?" என்று கண்ணைத் திறந்து சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மூசா ஓடிவந்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் தன் தலைத்துணியின் நுனியால் தேய்த்தார். கறை போகாமல் அகலமானது. மணற்கல் கரியைக் குடித்துவிட்டது.

"தேருக்கு லா சப்பல் றோட்டெல்லாம் தேங்காய் உடைக்கிறம். பின்னாலை நகரசபை ஆக்கள் வந்து கூட்டிக் கழுவிப்போட்டுப் போவினம். இதுவும் அப்பிடிப் போயிடும் எண்டு நினைச்சன்" என்றார் அக்கா, மெதுவாக.

அன்றிரவு அங்கேயே தங்குவதாக இருந்தது. மாலையில் காப்பகக் காவலர் தன் வண்டியில் வந்தார். கறையைக் கண்டு மூசாவிடம் கேட்டார். ஆடு மேய்ப்பவர்கள் எப்போதோ மூட்டிய தீ என்றார் மூசா. காவலர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பழைய தீயில் இப்படி வாசம் வராது என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "பொறு பிள்ளை, பொறு" என்றார். நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் மூசாவின் வழிகாட்டி அனுமதி அட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் கையை விட்டார். என்னை எதிர்பாராமல் தானே போய்ப் பிரெஞ்சில் சொன்னார், அது தன் வேலை என்று.

காவலர் அதட்டவில்லை. "குழு செய்வதற்கு வழிகாட்டிதான் பொறுப்பு, மதாம். இப்போது அவர் என்னிடம் பொய்யும் சொல்லிவிட்டார்" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுப்பதா என்பதை காப்பக அலுவலகம் முடிவு செய்யுமாம்.

அதன் பிறகும் மூசா தேநீர் ஊற்றினார். முதல் குவளையை அக்காவிடம்தான் நீட்டினார். அவர் அதைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"என்ன, கல்லுப் பாத்து முடிஞ்சுதோ?" என்று கடையில் வாமதேவன் அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை, நல்ல வடிவு" என்றார் அக்கா. வாடிக்கையாளர்கள் கேட்டால் கைபேசியில் மணல்மேடுகளை மட்டும் காட்டுவார். பாறைப் படங்கள் வரும் முன்னே திரையை அணைத்துவிடுவார். கைப்பையில் இப்போது கற்பூரம் இல்லை. ஆனால் நாள் முழுக்க அதை விற்க வேண்டியிருக்கிறது. நான் எப்போது தொலைபேசியில் விசாரித்தாலும், அலுவலகம் இன்னும் முடிவு சொல்லவில்லை என்பதே பதில்.

அடுத்த குழுவோடு நான் புறப்படுவதற்கு முதல்நாள் அக்கா எங்கள் நிலையத்தின் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மூசாவுக்கு வேலை போயிட்டுதெண்டால் போயிட்டுதெண்டே வந்து சொல்லு. கறுப்பு அப்பிடியே இருந்தால் இருக்குதெண்டே சொல்லு. என்ரை முகத்தைப் பாத்துப் பாவப்பட்டு, எல்லாம் சரியாப் போச்சு எண்டு மட்டும் சொல்லாதை, பிள்ளை."