கொழுந்தனாருக்கு நான் எழுதிக்கொடுத்த வலைப்பக்கம்

என் வீட்டுக்காரரின் தம்பிக்கு வேலை போன வருஷம் அது. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவர், சுபாங் ஜெயாவில் ஏதோ ஒரு ஹோட்டலில் மூன்று நாள் கோர்ஸுக்குப் போய்விட்டு, கழுத்தில் டையோடு கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, நான் இப்ப கோச்."

"பந்து விளையாட்டுக்கா தம்பி?"

"இல்லண்ணி, வாழ்க்கைக்கு. வாய் திறந்து பேசப் பயப்படுற ஆளுங்களுக்குத் தைரியம் சொல்லிக் கொடுக்கிறது."

முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டு நாய் குரைத்தால் அடுத்த லோரோங் சந்து வழியாகச் சுற்றி வருகிற பிள்ளை இவர். ஆனால் வேலை போனவரிடம் அதையெல்லாம் சொல்லக்கூடாது. பத்துப் பேராவது சேர்ந்தால்தான் வகுப்பு தொடங்க முடியுமாம். அதற்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட வேண்டுமாம். அதை நான்தான் எழுதித் தர வேண்டுமாம்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. இருந்தாலும் எங்கள் கோயில் திருவிழா நோட்டீஸை எல்லாம் நான்தான் எழுதுவேன். வெள்ளிக்கிழமை பூஜை விவரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதும் நான்தான். தம்பிக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். மேலே பிள்ளையார் சுழி. கீழே, 'மெய்யன்பர்களே! தைரியப் பயிற்சி நடைபெறவிருப்பதால் அனைவரும் குடும்ப சகிதம் திரளாக வருகை தந்து பயன்பெறுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' கை தன் பாட்டில் போய், 'மதியம் அன்னதானம் வழங்கப்படும்' என்றும் எழுதிவிட்டது.

தம்பி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அண்ணி, எல்லாரையும் கூப்பிடக்கூடாது. ஒரே ஒரு ஆளைத்தான் கூப்பிடணும்."

"பத்துப் பேர் வேணும்னீங்களே?"

"ஒரு ஆளை நெனச்சு எழுதினாத்தான் பத்துப் பேர் வருவாங்க. அதுக்குப் பேரு ஐடியல் கிளையண்ட். அந்த ஆளு என்ன சாப்பிடுவான், எதுக்கு வெக்கப்படுவான், எல்லாம் நமக்குத் தெரியணும். நீங்களா ஒரு ஆளைக் கற்பனை பண்ணிக்குங்க லா."

இங்கேதான் எனக்குச் சிக்கல். இல்லாத ஒரு ஆளை இருக்கிறார் என்று எழுதினால் அது பொய்தானே? அதுவும் பிள்ளையார் சுழி போட்ட தாளில். இரண்டு நாள் சாமி அறையில் விளக்கேற்றி வைத்துவிட்டு யோசித்தேன். பொய் வேண்டாம், இருக்கிற ஒருவரையே எழுதுவோம், பேர் போடாமல் எழுதினால் பாவம் இல்லை என்று முடிவு செய்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஆம்பளை உலகத்தில் ஒருவர்தான்.

'அன்புள்ள ஐயா, காலையில் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு உங்கள் மேனேஜரிடம் பேசுகிறீர்கள். அங்கே மிக நன்றாகப் பேசுகிறீர்கள். வேலைக்குப் போனதும் ஓகே பாஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். முடிவெட்டுகிறவர் தலையை எப்படிக் கெடுத்தாலும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொள்கிறீர்கள். ஐயா, நீங்கள் நல்லவர். உங்கள் குரலும் நல்ல குரல். அது தண்ணீருக்கு மட்டுமே கேட்கிறது.'

எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. தம்பி படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தார்.

"அண்ணி, இப்படி ஒரு பாவப்பட்ட ஆளை எங்க புடிச்சீங்க?"

இவருடைய சொந்த அண்ணன் அப்போது ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். தலையில் தொப்பி. தம்பிக்கு ஒன்றும் தோன்றவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாது முருகா, தெரிந்தால் அந்த மனுஷன் என் முகத்தில் எப்படி முழிப்பார் என்று வேண்டிக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தாளைக் கொண்டுபோனோம். கடைப் பெண் சொன்னாள்: "ஆன்டி, தமிழ் எழுத்து எல்லா கம்ப்யூட்டர்லயும் வராது, கொசு செத்துக் கெடக்கிற மாதிரி தெரியும். உங்க கையெழுத்தையே படமா எடுத்துப் போட்டுடுறேன் லா, முத்து முத்தா இருக்கு." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடியில் தம்பி எங்கள் வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் சேர்க்கச் சொன்னார். வகுப்பு எங்கள் ஹாலில்தான் நடப்பதாக இருந்தது.

ஒரு வாரம் சத்தமில்லை. இன்டர்நெட் இருந்த வீடுகளே அப்போது எத்தனை? ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் ஆபீசில் பார்த்து, பிரிண்ட் எடுத்து, அதை போட்டோஸ்டாட் எடுத்துக் கூட்டாளிகளுக்குக் கொடுத்திருக்கிறார். அது கைமாறிக் கைமாறிக் கிள்ளான் முழுக்கச் சுற்ற ஆரம்பித்தது. அப்புறம்தான் போன் வந்தது.

"அக்கா, என்னைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்க யாருங்க?"

"அதான் எல்லாம் எழுதிட்டீங்களே, இன்னும் என்ன யாருன்னு கேக்குறீங்க?" டொக்கென்று வைத்துவிட்டார்.

இப்படி நாலைந்து பேர். தம்பி சாயங்காலம் வந்து ஆசையாகக் கேட்டார். "போன் வந்துச்சா அண்ணி?"

"வந்துச்சு. திட்டினாங்க."

"திட்டினா கனெக்ட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்!"

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கனெக்ட் ஆனார்கள். சாப்பாடு முடிந்த நேரம், கேட்டுக்கு வெளியே ஒரு டாக்சியும் ஒரு வேனும் வந்து நின்றன. ஐந்து ஆம்பளைகள். முன்னால் வந்தவர் எங்கள் கோயில் பொருளாளர். மைக் இல்லாமலே கோபுரம் வரைக்கும் கேட்கிற தொண்டை அவருக்கு. பின்னால் கம்பெனி டாக்சி ஓட்டுகிறவர். மற்ற மூவரும் திருவிழாவில் பார்த்த முகங்கள். தம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அண்ணி, நான் தேத்தண்ணி கலக்குறேன்," என்று சமையலறைக்குள் போனவர்தான், கதவும் சாத்திக்கொண்டது.

பொருளாளர் போட்டோஸ்டாட்டை நீட்டினார். "இது உங்க கையெழுத்துத்தானே? கோயில் போர்டுல பாக்குற எழுத்து எனக்குத் தெரியாதா?"

"என்னோடதுதாங்க."

"வெள்ளிக்கிழமை பூக்கட்ட உக்காருறீங்களே பொம்பளைங்க, அங்கதான் என் வீட்டுக்காரி எல்லாத்தையும் கொட்டியிருக்கா. பாத்ரூம்ல நான் பேசுறது அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? ரெண்டு வெள்ளிக்கிழமையா அவளைக் கோயிலுக்கு அனுப்பல. தெரியுமில்ல?"

அந்த அக்கா ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. டாக்சிக்காரரும் மனைவியோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரமாம். மற்றவர்களில் ஒருவர் மாமியாரைச் சந்தேகப்பட்டு அவர் ஊரான டெங்கிலுக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

யாரை எழுதினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் மானம் ஐந்து பேர் முன்னால் போகும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத பெண்கள் வீட்டில் ஏச்சு வாங்குவார்கள். சாமி அறைப் பக்கம் பார்த்தேன். "ஐயா, அது நீங்க இல்லீங்க. அது வந்து..."

"அது நான்தான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார். "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நானும் பாத்தேன். படம் மேலேர்ந்து வரி வரியா எறங்குச்சு. பாத்ரூம் வரி வந்ததும் தெரிஞ்சுபோச்சு. மிச்சம் எறங்குற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "உன்கிட்ட கேக்கணும்னு ஒரு வாரமா பாத்ரூம்ல பேசிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சண்டை அதோடு முடியும் என்று நினைத்தேன். அப்போதுதான் ஆரம்பித்தது.

டாக்சிக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது நீங்க இல்ல. நான்தான்."

"எப்படிப்பா? என் சம்சாரம் எழுதினது."

"தொப்பி என்னோடது அண்ணே. அந்த முடிவெட்டுற ஆளு என்னைத்தான் கெடுத்தான்."

"தொப்பி யாரு வேணா போடலாம்," என்றார் பொருளாளர். "தண்ணியத் தொறந்துவிட்டுப் பேசுறது நான். முப்பது வருஷமா பேசுறேன்."

"நீங்களா? கோயில்ல அந்தச் சத்தம் போடுறீங்க?" என்றார் டாக்சிக்காரர்.

"கோயில்ல வேற. ஆபீஸ்ல எனக்கு வாயே இல்ல, பாஸ்," என்றார். அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் விடவில்லை. "நீங்க குழாயை எப்ப மூடுவீங்க?"

"குளிச்சு முடிச்சதும்."

"நான் அப்படி இல்ல. எனக்கு அந்தக் குழாய்தான் மேனேஜர். நான் பேசுற வரைக்கும் அவன் கொட்டிக்கிட்டே இருப்பான். சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு, இப்ப நீ வாய மூடுன்னு திருகி அடைப்பேன்."

"அது நீங்கதான் அண்ணே," என்று டாக்சிக்காரர் ஒத்துக்கொண்டார். பொருளாளரும் தலையாட்டினார். தோற்றுப்போனவர்கள் மாதிரி ஐந்து பேரும் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள். அவரவர் மேனேஜரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதாகப் பொருளாளர் என் முன்னால் வாக்குக் கொடுத்தார்.

அவர்கள் கிளம்பும் நேரத்தில்தான் தம்பி வகுப்பு விண்ணப்பப் பாரங்களோடு வெளியே வந்தார். டாக்சிக்காரர் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பி நீட்டினார். "மொதப் பேரா உங்க பேரை எழுதுங்க கோச். அடுப்படியிலேர்ந்து வெளிய வர உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிருக்கு."

எல்லாரும் போன பிறகு என் வீட்டுக்காரர் காலில் விழப் போனேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "மன்னிச்சிடுங்க, பொய் எழுதக்கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணேன். இருங்க, தே போட்டுத் தரேன்," என்றேன்.

"பால் வேண்டாம்," என்றார். "தே-ஓ குடு."

"ஏன், பால் இருக்கே?"

"பால் எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது."

"எப்பத்திலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முந்தியிலேர்ந்து."

தினமும் இரண்டு வேளை கெட்டிப்பாலில் கலந்து கொடுத்த கை இது. இவரை முழுக்கத் தெரியும் என்று சாமி முன்னால் விளக்கேற்றி வைத்து எழுதியவளும் நானே. தே-ஓ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேற என்ன இருக்கு? சொல்லுங்க. வேணும்னா பேனா எடுத்துட்டு வரேன்," என்று எழுந்தேன்.

"வேண்டாம்."

எத்தனையோ ஆயிரம் தடவை அவர் வாயிலிருந்து கேட்ட வார்த்தைதான். அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திருப்பிக் கேட்டேன். "நெஜமாவே வேண்டாமா?"

தே-ஓவை ஒரு வாய் குடித்தார். "பேனா வேண்டாம்," என்றார். "ஆனா நீ உக்காரு."