தொட்டில் கட்டிய வகுப்பறை

எடப்பாடிக்குப் பக்கத்தில், தறிப்பட்டறைகள் நிறைந்த ஓர் ஊரின் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், நாலாம் வகுப்புச் சன்னலுக்கு வெளியே ஒரு சிறுமி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நிற்பாள். கரும்பலகையைப் பார்த்து உதடசைத்து வாய்ப்பாடு சொல்வாள். குழந்தை சிணுங்கினால் போய்விடுவாள். எங்கள் பள்ளிப் பிள்ளைதான், ஆனால் வகுப்புக்குள் வருவதில்லை. அப்பா, அம்மா இருவரும் விசைத்தறி ஓட்டப் போகிறவர்கள். தம்பிக்கு இன்னும் நடை வரவில்லை. அந்த வயதுக் குழந்தையை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவளைப் போல இன்னும் சில பெண்பிள்ளைகள் ஊருக்குள் இருந்தார்கள்.

எங்கள் தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். அதிகம் பேசமாட்டார். அந்த வருடம், ரிக் வண்டி வைத்து வெளிமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்த ஊர்க்காரர் ஒருவர், வசதியில்லாத பிள்ளைகளுக்காக ஆண்டுதோறும் பள்ளிக்குப் பணம் தருவதாகச் சொன்னார். பெரிய டிவி ஒன்று வாங்கி மாட்டலாம் என்பது அவர் எண்ணம். எங்களுக்கும் அதில் ஆசை இருந்தது. பெரிய டீச்சரோ, காலியாகக் கிடக்கும் அறையில் தொட்டில் கட்டி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்க வேண்டும் என்றார்.

“ஏனுங்க டீச்சர், புள்ளைங்க படிக்கறதுக்குப் பணம் குடுத்தா, தொட்டில் கட்டோணுங்கறீங்களே?” என்றார் அவர்.

“ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று அவரைப் பட்டறைக்கு அழைத்துப் போனார் டீச்சர். நானும் கூடப் போனேன். தறிச் சத்தத்தில் பேச்சு காதில் விழவில்லை. பஞ்சு பறக்கும் ஒரு மூலையில் அந்தச் சிறுமி கையால் நூல் சுற்றிக்கொண்டே, காலால் சேலைத் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பயந்து எழுந்து நின்றாள். வெளியே வந்தபின் டீச்சர் கேட்டார். “டிவி வாங்கி வெச்சா இவ எப்பங்க வந்து பாக்கறது?” அவர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, “செரிங்க, ஒரு வருசம் பாக்கலாம்” என்றார்.

மூச்சிரைப்பு வந்து தறி வேலையை விட்டிருந்த ஓர் அம்மா குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். சிறுமியும் வகுப்புக்குள் வந்தாள். ஆனால் அவளால் உட்கார முடியவில்லை. பக்கத்து அறையில் எந்தக் குழந்தை அழுதாலும் எழுந்து ஓடுவாள். அழுவது தம்பி இல்லை என்று தெரிந்த பிறகும் அங்கேயே நிற்பாள். நான் அதட்டப் போனேன். “ஓடட்டும் உடு,” என்றார் பெரிய டீச்சர். “இத்தனை நாளா அவனுக்கு அம்மாவா இருந்திருக்கறா. உடனே புள்ளையாயிருவாளா?”

மழை பிடித்திருந்த ஒரு முற்பகலில் தம்பியே அழுதான். அவள் நிமிரவில்லை. வகுத்தல் கணக்கில் மீதி எவ்வளவு என்று விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். அழுகை தானாக அடங்கியது. வாசலில் நின்ற பெரிய டீச்சர் தாழ்ந்த குரலில் என்னிடம், “இன்னிக்குத்தான் இவ பள்ளிக்கூடம் வந்திருக்கறா” என்றார்.

வருடங்கள் ஓடிவிட்டன. பெரிய டீச்சர் ஓய்வுபெற்றுச் சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். ரிக் வண்டிக்காரர் இன்னும் பணம் தருகிறார். தம்பி இப்போது என் வகுப்பில் படிக்கிறான். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் பெற்றோர் கூட்டத்துக்கு அக்காதான் வந்திருந்தாள், கல்லூரியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். அதைச் சொல்லத்தான் போன வாரம் பெரிய டீச்சருக்குப் போன் செய்தேன்.

“சந்தோசம் சாமி” என்றவர், கையோடு, “இப்ப யாரு வராம இருக்கறாங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். பட்டறைகளில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களும் வேலை செய்கின்றன. அதில் ஒரு சிறுமி பள்ளிக்கு வந்தாள், நாங்கள் பேசுவது எதுவும் புரியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு வரவில்லை.

“அப்ப இந்த வருசப் பணம் அவளுக்குத்தான். அவ பேச்சு தெரிஞ்ச ஆளைத் தேடு” என்றார்.

மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில், அவளுடைய அம்மா வேலை செய்யும் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினேன்.